கைரேகை விழாத கதவு

பாலவனத்தம்
15.6.2025

அன்பு மகள் ஜெகதீஸ்வரிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம். இந்த ஒரு வரியை முதலில் மனதில் பதிய வைத்துக்கொண்டு மற்றதைப் படி, ஏனென்றால் போகப்போக உனக்குப் பதறும். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால் நீ நான்கு கேட்கிறாய், அப்புறம் எனக்குக் கோபம் வருகிறது, உனக்கு அழுகை வருகிறது, சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் மூன்று நாட்களாக, அப்பா மத்தியானம் கண்ணசரும் நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியும். முதலில் வேண்டவே வேண்டாம் என்றார், 'அவ தூரத்துல கெடந்து அழுவா, விடு' என்றார். நேற்று அவரே, 'சரி எழுது, ஆனா கோவமா எழுதாத' என்றார். கோபமாக எழுதவில்லை தாயி. ஆனால் முடிவாக எழுதுகிறேன்.

ஊர்ச் சமாச்சாரம் பெரிதாக ஒன்றுமில்லை. கோடை மழை இரண்டே நாள் வந்து மண்ணை நனைத்துவிட்டுப் போய்விட்டது. அந்த ஈரத்தை விடாமல் குத்தகைக்கு உழுகிற மொக்கையன் நம் புஞ்சையில் உழவு போட்டுவிட்டார், இந்த வருடம் பாதிக்குப் பருத்தியும் பாதிக்குக் குதிரைவாலியும் போடப்போகிறாராம். அப்பாவிடம் வந்து யோசனை கேட்டுவிட்டுத்தான் போனார், அதில் அப்பாவுக்கு இரண்டு நாள் சந்தோஷம். பக்கத்து வீட்டுப் பேச்சியின் ஆடு மூன்று குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்று எந்நேரமும் என் பட்டறைக்குள் வந்து மரச்சீவலை மென்றுகொண்டு நிற்கிறது, விரட்டினாலும் போவதில்லை. பட்டறை என்றதும் உன் முகம் போகிற போக்கு எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் மர வேலை செய்வதை நீ இன்னும் ஏதோ பொழுதுபோகாத கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சத்துணவு அமைப்பாளராக இருபத்தெட்டு வருடம் அரிசி மூட்டையும் முட்டைக் கணக்குமாக ஓடியவளுக்கு, ஓய்வு பெற்ற மறு வாரமே கை என்ன செய்வதென்று தெரியாமல் போனது. டிவி பார்க்கலாம் என்றால் தலை வலித்தது. பள்ளிக்கூடத்தில் உடைந்த பெஞ்சுகளைப் பழுது பார்க்கத் தச்சர் வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்ப்பேன், அப்போதே எனக்கு அதன் மேல் ஒரு கண். அருப்புக்கோட்டையில் மரக்கடை வைத்திருக்கிற சங்கையாவிடம் போய், அறுத்து மிஞ்சிய துண்டு மரம் கிடைக்குமா என்று கேட்டேன். அடுப்புக்கா என்று கேட்டார். இல்லை, எனக்கு ஒரு முக்காலி செய்யவேண்டும் என்றேன். ஆள் ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நல்ல வாகைத் துண்டாக நான்கு எடுத்துக் கொடுத்தார். அந்த முக்காலி ஆடியது. அடுத்ததும் ஆடியது. ஐந்தாவது ஆடவில்லை. ஆணியே இல்லாமல் துளையும் அதற்குள் நுழைகிற கழுந்துமாகச் சேர்த்து, அதன் மேல் நானே ஏறி நின்று பார்த்தபோது உன் அப்பா கைதட்டினார். எப்படிச் செய்வது என்று போனில் வீடியோ பார்த்துத்தான் பாதி கற்றுக்கொண்டேன், அதை மறைக்கவில்லை. பஞ்சாபில் ஒரு சர்தார் இழைப்புளியைத் தீட்டுவார் பார், அப்படி ஒரு சுத்தம், அவர் பேசுவது ஒரு வார்த்தை புரியாது, கையைப் பார்த்தாலே போதும். மாப்பிள்ளை ஹரி வாங்கிக் கொடுத்த பேட்டரி டிரில்லைக் கண்ணாக வைத்திருக்கிறேன். ஆகவே உன் அம்மா எந்திரத்தைக் கண்டால் ஓடுகிறவள் என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே. காலையில் இழைப்புளியைத் தள்ளும்போது சுருள் சுருளாகச் சீவல் வந்து விழும், வேம்பு என்றால் ஒரு கசப்பு வாசனை, வாகை என்றால் வேறு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் எனக்குக் கவலை என்று ஒன்று இருந்ததே ஞாபகம் வராது.

இனி கதவு விஷயத்துக்கு வருகிறேன். தைப்பொங்கலுக்கு நீ வந்திருந்த மூன்று வாரத்தில், பக்கத்து ஊரில் வயதானவர்கள் தனியாக இருந்த வீட்டில் திருட்டு நடந்தது என்று கேள்விப்பட்டுப் பயந்து, வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என்று மூன்று கேமராவும் முன் கதவுக்கு விரல் வைத்துத் திறக்கிற பூட்டும் போட்டுவிட்டுப் போனாய். நான் தடுக்கவில்லை. உன் பயம் எனக்குத் தெரியும், பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் நானும் அப்படித்தான் பயப்படுவேன். ஆனால் முதல் மாதத்திலிருந்தே என் விரலை அந்தப் பூட்டு ஒழுங்காக ஏற்றுக்கொள்ளவில்லை. நான்கு தடவை வைத்தால் ஒரு தடவை திறக்கும். ரேஷன் கடையிலும் இதே கதைதான், கைரேகை விழாமல் கண்ணைக் காட்டித்தான் சாமான் வாங்கிக்கொண்டு வருகிறேன். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து விரலில் இருந்த கோடெல்லாம் மழுங்கிவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். உன்னிடம் இதைச் சொன்னேன். 'கையத் தொடச்சுட்டு வைம்மா' என்றாய். சரி என்று நம்பரை அழுத்தித் திறந்து பழகிக்கொண்டேன். பகலில் பட்டறைக்கும் வீட்டுக்குமாக இருபது தடவை நடக்கிறவள், ஒவ்வொரு தடவையும் நம்பர் அழுத்த முடியாமல் ஒரு மர ஆப்பு செய்து கதவடியில் செருகிவைத்தேன். கதவு திறந்தே கிடக்கிறது என்று உன் போனுக்குச் செய்தி வந்துகொண்டே இருக்க, நீ சத்தம் போட்டாய். மே மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை அது. அன்றைக்கே ஆப்பை எடுத்துவிட்டேன். மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் நானும் அப்பாவும் கோயிலுக்குப் போயிருந்தபோது பேச்சி வந்து நம்பரை அழுத்தித் திறந்து பால் செம்பை வைத்துவிட்டுப் போனாள். நான்தான் அவளுக்கு நம்பரைச் சொல்லியிருந்தேன், அவசரத்துக்கு ஒரு ஆள் வேண்டாமா. நீ அதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கு விடிந்து ஒன்பதரை மணிக்கு, நீ தூங்கப் போகுமுன் அங்கிருந்தே நம்பரை மாற்றிவிட்டு, புது நம்பரை என் வாட்ஸப்புக்கு அனுப்பினாய். அது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா வழக்கம்போல இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். வயிறு மந்தமாக இருக்கிறது என்று ஒரே ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார். பதினோரு மணிக்குக் குடிக்கச் சொல்லி ஒரு செம்பில் கம்பங்கூழைக் கரைத்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு நான் பட்டறைக்குப் போனேன். என் போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்தது, நீ அனுப்பிய புது நம்பரை நான் பார்க்கவே இல்லை. கதவு என் பின்னால் தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ஆறு குட்டி நாற்காலி செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன், ஆறாவதன் முதுகுப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு நடை போய் அப்பாவைப் பார்ப்பது வழக்கம். அன்றைக்குப் போகவில்லை. இதோ முடிந்துவிடும், இதோ முடிந்துவிடும் என்று தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். இதை நான் உன்னிடம் மறைக்க மாட்டேன். வெயில் பட்டறையின் ஓட்டுக்கு மேலே வந்து, தாகம் எடுத்து நிமிர்ந்து பார்த்தபோது ஒன்றரை மணி ஆகிவிட்டது.

வந்து விரலை வைத்தேன். சிவப்பு வெளிச்சம். துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. நம்பரை அழுத்தினேன், அதுவும் சிவப்பு. தப்பாக அழுத்திவிட்டேன் என்று நினைத்து இன்னொரு தடவை நிதானமாக அழுத்தினேன், பூட்டு இங்கிலீஷில் என்னவோ சொல்லிவிட்டு மொத்தமாக அணைந்துபோனது. நாலு தடவை தப்பானால் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே செய்யாதாமே, அது அப்போது எனக்குத் தெரியாது. சரி, அப்பாவையே திறக்கச் சொல்லலாம் என்று ஜன்னலுக்குப் போய்க் கூப்பிட்டேன். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். சட்டை முழுக்க வேர்வையில் ஒட்டியிருந்தது. கூழ்ச் செம்பு மூடியபடியே இருந்தது. நான் கத்தக் கத்த ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார் தாயி. பார்த்தார், ஆனால் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. என்னவோ குழறினார். உள்ளே இருந்து கைப்பிடியை அழுத்தினால் போதும், கதவு திறந்துவிடும், பத்தடி தூரம்தான், அந்தப் பத்தடி நடக்க அவருக்கு நினைவில்லை. பேச்சி சத்தம் கேட்டு ஓடிவந்தாள். 'மதினி, அண்ணன் தலயத் தொங்கப் போட்டுட்டாக, கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறாக' என்று அழ ஆரம்பித்தாள். அழுவதற்கு நேரமில்லை, ஓடிப்போய் வெல்லமோ தேனோ எது இருக்கிறதோ எடுத்து வா என்று விரட்டினேன். ஜன்னலில் இரும்புக் கம்பி, பேச்சியின் ஆட்டுக்குட்டி கூட நுழைய முடியாது. பின் கதவில் நீ போடச் சொன்ன இரண்டு தாழ்ப்பாளும் உள்ளே போட்டிருந்தது. பூட்டுக்கென்று கொடுத்த சாவி பீரோவுக்குள். பேச்சி போனில் உன்னைக் கூப்பிடலாம் என்றால் உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, என் போனில் உன் படத்தைத் தொட்டால் நீ வருவாய், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்படியே கூப்பிட்டிருந்தாலும் உங்களுக்கு விடிகாலை இரண்டு மணி. கூடத்துக் கேமராவில் ஒரு நீலப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது, அது அப்பாவுக்கு நேர் எதிரே இருந்தது.

பட்டறைக்கு ஓடினேன். ஓடும்போதே எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பூட்டை மாட்ட வந்தவர் நிலைக்காலில் துளை வெட்டியபோது நான் பக்கத்தில் நின்று, உளி மொக்கையாக இருக்கிறதே, மரத்தைப் பிய்க்கிறாரே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அதனால் பூட்டின் நாக்கு நிலைக்காலில் எந்த இடத்தில், எத்தனை ஆழத்தில் போய் உட்காருகிறது என்று எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும். கதவை உடைக்க என்னால் முடியாது, அது உன் தாத்தா காலத்துக் கதவு, மொக்கையன் மாதிரி நான்கு பேர் வேண்டும். நாக்கு உட்காருகிற இடத்தில் நிலைக்காலின் மரத்தை மட்டும் குடைந்து எடுத்துவிட்டால் நாக்குக்குப் பிடிமானம் கிடையாது, கதவு தானாக உள்ளே போகும். மாப்பிள்ளை கொடுத்த டிரில்லை எடுத்து ஒரு சாண் நீளத்துக்கு வரிசையாகப் பதினொரு துளை போட்டேன். ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டேன். அப்புறம் அகல உளியை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தேன். பழைய வேம்பு, கல் மாதிரி இருந்தது. பேச்சி தேனை வாங்கிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம் நின்று, 'அண்ணே, அண்ணே, கண்ணத் தொறங்க, இந்தா மதினி வந்துட்டாக' என்று விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். ஒருதடவை, 'மதினி, கண்ணு சொருகுது' என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடி தவறியிருக்கும். பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் ஆகியிருக்கும் என்று பேச்சி பிற்பாடு சொன்னாள். மரம் பிளந்து விழுந்ததும் தோளைக் கொடுத்துத் தள்ளினேன், கதவு சுவரில் போய் மோதியது, பின்னால் மாட்டியிருந்த நெட் பெட்டி விழுந்து அணைந்தது. அதனால்தான் அதற்குப் பிறகு நடந்த எதுவும் உனக்கு வரவில்லை.

அப்பாவைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அப்பாவுக்கு ஊசி போடப் பழக்கிய நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தபடி தேனை விரலில் தொட்டுத் தொட்டுக் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினேன். வாயில் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும் என்று அவர் அப்போது சொன்னது நல்லவேளை ஞாபகத்தில் இருந்தது. எத்தனை நேரம் அப்படித் தடவினேனோ. கடைசியில் நாக்கு அசைந்தது. அப்புறம் கையைத் தூக்கி என் விரலைத் தள்ளிவிட்டு, 'என்னத்தடி வாயில போட்டு அப்புற' என்றார். நானும் பேச்சியும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து அவர் பயந்துபோய், 'யாரு செத்தா?' என்று கேட்டார். பேச்சி போன் போட்டதும் மொக்கையன் ஆட்டோவோடு வந்தார், அப்பாவை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது, இன்னும் அரைமணி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்று முழுக்க டிரிப் ஏறியது.

எங்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, நீ அங்கே விடிந்து எழுந்து போனைப் பார்த்துவிட்டு, பேச்சி கையில் கொண்டுவந்திருந்த என் போனுக்குக் கூப்பிட்டாய். வாசல் கேமராவில் நான் கதவை வெட்டுவது மட்டும்தான் உனக்குத் தெரிந்திருந்தது. 'யம்மா, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு, பூட்டு தெறக்கலன்னா கம்பெனிக்கு போன் பண்ண வேண்டியதான, உளியத் தூக்கிக்கிட்டு நிக்கிற' என்று ஆரம்பித்து, அப்பாவைக் கவனிக்காமல் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று முடித்தாய். அப்பா டிரிப் ஏறுகிற கையைத் தூக்கி, சொல்லாதே என்று சைகை காட்டினார். கதவு சிக்கிக்கொண்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கூடத்துக் கேமராவில் அப்பாவைப் பார்த்திருப்பாயே, ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று பிற்பாடு எனக்குச் சந்தேகம். மாப்பிள்ளையிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், அந்தக் கேமரா யாராவது அசைந்தால்தான் செய்தி அனுப்பும் என்றார். அப்பா அசையவில்லை, அதனால் அது உன்னை எழுப்பவில்லை.

இப்போது நீ அழுதுகொண்டிருப்பாய். அழுதுவிட்டு மேலே படி. நம்பரை நீ மாற்றியதால்தான் இப்படி ஆனது என்று நினைத்து உன்னை நீயே போட்டு வருத்திக்கொள்ளாதே. பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்க்காதது நான், போனை உள்ளே விட்டது நான், கூழைக் குடிக்காமல் தூங்கிப்போனது உன் அப்பா. மூன்று பேருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நான் கதவை வெட்டியதை வைத்து நீ போன வாரம் சொன்ன மூன்று காரியத்தையும் நான் செய்யப்போவதில்லை. புதுப் பூட்டு வேண்டாம், அதை மாட்டுகிற ஆளை வரச்சொல்ல வேண்டாம். மதுரையில் வயதானவர்களுக்கான வீடு என்று நீ படம் அனுப்பியிருந்தாயே, பளிங்குத் தரையும் லிப்ட்டும் நன்றாகத்தான் இருக்கிறது, அங்கே நாங்கள் வரமாட்டோம். அப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, 'இதுல ஒன் பட்டறைய எங்க வைப்ப?' என்று என்னிடம் கேட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மூன்றாவது, என் உளியையும் ரம்பத்தையும் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாய். கொடுக்க மாட்டேன். அன்றைக்கு வீட்டில் உருப்படியாக வேலை செய்தது அவைதான்.

அதற்காக ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன் என்று நினைக்காதே. அந்தப் பூட்டைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள். நிலைக்காலில் வெட்டின இடத்துக்கு நானே வாகைத் துண்டு வைத்து ஒட்டுப்போட்டு, சாதாரணப் பூட்டு மாட்டிவிட்டேன். ஒரு சாவி என் இடுப்பில், ஒன்று பேச்சியிடம். பேச்சியைப் பற்றி இனி ஒரு வார்த்தை சந்தேகமாகப் பேசாதே, அன்றைக்கு அவள் குரல்தான் அப்பாவை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. பட்டறையில் ஒரு மின்விசிறி மாட்டி அப்பாவின் நாற்காலியை அங்கேயே போட்டாயிற்று. முதல் நாள் சும்மா உட்கார்ந்திருந்தார், மறுநாள் உப்புத்தாளைக் கேட்டு வாங்கினார், இப்போது நான் தேய்த்தது சரியில்லை என்று குறை சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். பதினோரு மணியானால் அவரே கூழைக் கேட்டுக் குடிக்கிறார். டாக்டர் சொன்னபடி கையில் ஒட்டிக்கொள்கிற சர்க்கரை பார்க்கும் வில்லை ஒன்றும் வாங்கிவிட்டோம், சர்க்கரை இறங்கினால் என் இடுப்பில் இருக்கிற போனில் அலறும். பார், அது புது எந்திரம்தான், ஆனாலும் வாங்கினேன். எந்தச் சாமானாக இருந்தாலும் இப்போது நான் ஒன்றுதான் பார்க்கிறேன், அது நின்றுபோனால் அந்த நிமிடம் என் கையால் சமாளிக்க முடியுமா, முடியாதா. வில்லை கெட்டுப்போனால் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், விரலில் குத்திப் பார்ப்பேன். கதவு கெட்டுப்போனால் வெளியே நிற்கத்தான் வேண்டியிருந்தது. உன் நம்பரையும் மாப்பிள்ளை நம்பரையும் பட்டறைச் சுவரில் கரியால் பெரிதாக எழுதிவைத்து மனப்பாடமும் செய்துவிட்டேன், கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

அங்கன்வாடிக்கு ஆறு நாற்காலியும் போய்ச் சேர்ந்துவிட்டன. அடுத்ததாக எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு டீச்சர் வந்து, நடக்கப் பழகுகிற பிள்ளைகளுக்கு நடைவண்டி நான்கு கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். செய்யப்போகிறேன். நீயும் எப்போது பார்த்தாலும் கழுத்து வலி, கண் எரிச்சல் என்கிறாய், நாள் முழுக்கத் திரையைப் பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும். மாப்பிள்ளை சனிக்கிழமை தோறும் மாவு பிசைந்து ரொட்டி சுடுகிறாராமே, நீயும் பக்கத்தில் போய் நின்று ஒரு கை பிசை. எந்த வேலையானாலும் சரி, உன் கையில் ஒட்டுகிற வேலையாக ஒன்றை வைத்துக்கொள்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, என்ன குழம்பு, அப்பா ஒழுங்காகச் சாப்பிட்டாரா, யார் வந்தார்கள் என்று ஒன்று விடாமல் கேட்பாய். கேமரா வந்த பிறகு மெல்ல மெல்ல அது குறைந்தது. சித்திரை மாதத்தில் மூன்று ஞாயிறு தொடர்ந்து நீ கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, 'அதான் காலையிலயே ரெண்டு பேரையும் பாத்துட்டேனேம்மா' என்றாய். நீ பார்த்துவிட்டாய். நாங்கள் உன்னைப் பார்க்கவில்லை, உன் குரலையும் கேட்கவில்லை. அப்பா அந்த மூன்றாவது ஞாயிறு முழுக்கப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கேட்டதற்கு மணி பார்க்கிறேன் என்றார். வாசல் கேமரா இருக்கட்டும், திருடன் பார்த்துப் பயப்படட்டும். உள்ளே இருந்த இரண்டையும் நேற்று நானே திருப்புளி வைத்துக் கழற்றிவிட்டேன். திரும்ப மாட்டச் சொல்லாதே, மாட்ட மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், மனசு ஒத்து, நீண்ட ஆயுளோடு வாழ அம்மா அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வைட்டமின் மாத்திரையை மறக்காதே. இனிமேல் அப்பா மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று உனக்குத் தெரியாது. கூப்பிட்டுக் கேள்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
ச. தங்கலட்சுமி